மைக்கேல் ஜாக்சன் (பியர் எழுத்தாளர்)

இக்கட்டுரை ஆங்கிலேய எழுத்தாளரைப் பற்றியது. அதே பெயருடைய அமெரிக்கப் பாடகரைப் பற்றி அறிய மைக்கேல் ஜாக்சன் கட்டுரையைப் பார்க்கவும்.

மைக்கேல் ஜேம்ஸ் ஜாக்சன் (மார்ச் 27, 1942 - ஆகஸ்ட் 30, 2007) இங்கிலாந்தைச் சேர்ந்த இதழாளர், நூலாசிரியர். பியர், விஸ்கி ஆகிய மதுவகைகளைப் பற்றி எழுதியதால் உலகப் புகழ் பெற்றவர். 1977இல் வெளிவந்த இவரது உலக பியர் வழிகாட்டி என்னும் நூல், உலகெங்கும் தயாரிக்கப்பட்ட பியர்களை முதன்முறையாகப் பாணி வாரியாகப் பிரித்து விளக்கியது. இப்பகுப்பு வாசகர்களுக்கு உதவியதோடு நிற்கவில்லை. வீட்டிலேயே பியர் தயாரிப்போர் தமக்குள் நடத்திய போட்டிகளுக்கு ஓர் அளவுகோல் கிடைக்கவும் இதுவே வழிவகுத்தது. இவர் பியர் தயாரிப்பைத் தொழிலாகக் கொண்டவரோ வேதியியல் கற்றவரோ அல்லர். பள்ளிப் படிப்பையும் பதினாறு வயதில் நிறுத்திக்கொண்டவர்.

பிறப்பும் இளமையும்

ஜாக்சன் இங்கிலாந்தின் யார்க்சயர் பகுதியிலுள்ள வெதர்பி என்னும் ஊரில் பிறந்தார். தந்தை லித்துவேனியாவிலிருந்து வந்து குடியேறிய யூதர். ஐசக் ஜாக்கோவிட்ஸ் என்ற தம் பெயரை ஜாக் ஜாக்சன் என ஆங்கில முறைப்படி மாற்றிக்கொண்டவர். பார வண்டி ஓட்டிப் பிழைத்தார். தாய் மார்கரெட் யார்க்சயரைச் சேர்ந்தவர். குடும்பம் பின்னர் நெசவாலைகள் நிறைந்த ஹடர்ஸ்ஃபீல்டு நகருக்கு இடம்பெயர்ந்தது. அந்நகரை அடுத்த ஆமண்ட்பரியிலிருந்த கிங் ஜேம்ஸ் இலக்கணப் பள்ளியில் ஜாக்சன் பயின்றார்.

பள்ளியை விட்டதும் ஹடர்ஸ்ஃபீல்டு எக்சாமினர் என்னும் உள்ளூர் நாளேட்டில் பயிற்சிச் செய்தியாளராகச் சேர்ந்தார். ஊரிலுள்ள மதுவிடுதிகளைப் பற்றி அந்நாளேட்டில் எழுதியபோது, சட்டப்படி மது அருந்தும் வயதை அவர் இன்னும் எட்டவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. அடுத்து எடின்பரோவில் பணியாற்றினார். ஸ்காட்லாந்தின் விஸ்கியோடு அவருக்குப் பழக்கம் ஏற்பட்டது அங்கேதான். பின்னர் இலண்டன் சென்று, விளம்பரத் துறைக்கான கேம்பெய்ன் என்னும் வார இதழின் ஆசிரியப் பொறுப்பிலும் இருந்தார்.

1969ஆம் ஆண்டளவில் வேலையின் பொருட்டு நெதர்லாந்தில் தங்கியிருந்தார். அப்போது எல்லையைக் கடந்து பெல்ஜியத்துக்குச் சென்று, டிராப்பிஸ்ட் துறவிகள் தம் மடத்தில் தயாரிக்கும் பியரைச் சுவைத்தார். நிறத்திலும் மணத்திலும் வலுவிலும் அது ஆங்கிலேய பியரோடு எவ்வகையிலும் ஒப்பிட இயலாததாக இருந்தது. பெல்ஜியத்தின் சிற்றூர்களில் இத்தகைய பியர்கள் பல இருந்தும், அந்நாட்டுக்கு வெளியே அவற்றைப் பற்றி அறிந்தோர் மிகச் சிலரே. அவற்றைத் தேடிச் செல்வதும் குறிப்பெடுப்பதும் அன்று முதல் அவரது வாழ்நாள் பணியாயிற்று.

உலக பியர் வழிகாட்டி

ஜாக்சனின் முதல் நூல், ஆங்கிலேய மதுவிடுதிகளைப் பற்றி 1976இல் வெளியானது. அடுத்த ஆண்டே உலக பியர் வழிகாட்டி வந்தது. இந்நூல் வெளியான சூழலைச் சற்று விளக்க வேண்டியுள்ளது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பியர்த் தொழில் சில பெரும் நிறுவனங்களின் கைக்குள் சுருங்கி வந்தது. இங்கிலாந்தில் சிறிய ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வாங்கப்பட்டு மூடப்பட்டன. பீப்பாயிலேயே தொடர்ந்து நொதித்து முதிரும் மரபுவழி ஏல் மறைந்து, வடிகட்டிச் சூடாக்கிக் கரியமில வாயு ஏற்றிய பியர் அதன் இடத்தைப் பிடித்தது. இதனை எதிர்த்தே கேம்ரா என்னும் நுகர்வோர் இயக்கம் 1971இல் தோன்றியது. அமெரிக்காவில் நிலைமை இதைவிட மோசம். 1970களின் இறுதியில் அந்நாடு முழுவதிலும் நூற்றுக்கும் குறைவான ஆலைகளே எஞ்சியிருந்தன. அவற்றை நடத்திய நிறுவனங்கள் ஐம்பதைக்கூட எட்டவில்லை. அவை விற்றதும் பெரும்பாலும் ஒரே வகையான வெளிர்நிற லாகர் பியர்தான்.

அதுவரை பியரைப் பற்றி வெளிவந்த நூல்கள் தயாரிப்பாளருக்கான தொழில்நுட்ப நூல்களாகவோ, ஆலைகளின் வரலாறாகவோ, மதுவிடுதிகளின் பட்டியலாகவோ இருந்தன. ஒயினைப் பற்றி எழுதுவோர் திராட்சை இனம், மண், ஊர், ஆண்டு எனப் பலவற்றையும் ஆராய்ந்து எழுதுவது வழக்கம். பியருக்கு அவ்வாறான மதிப்பை எவரும் அளித்ததில்லை. ஜாக்சன் அந்த மதிப்பை அளித்தார். நாடு நாடாகச் சென்று, ஒவ்வொரு வட்டாரத்திலும் என்ன பியர் தயாரிக்கப்படுகிறது, அது எவ்வாறு தோன்றியது, எதனால் அந்தச் சுவை வருகிறது என்று விளக்கினார்.

பியரின் மூலப்பொருட்கள் நான்கே: நீர், முளைகட்டி உலர்த்திய தானியமாகிய மால்ட், கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூ, சர்க்கரையைச் சாராயமாக மாற்றும் ஈஸ்ட். மால்ட் எவ்வளவு வறுக்கப்படுகிறது, ஈஸ்ட் எந்த வெப்பநிலையில் வேலை செய்கிறது என்பன போன்ற வேறுபாடுகளால் முற்றிலும் வெவ்வேறான பானங்கள் உருவாகின்றன. ஏல் வகைகள் ஓரளவு வெதுவெதுப்பான நிலையில் நொதிப்பவை. லாகர் வகைகள் குளிரில் மெதுவாக நொதித்துப் பின் குளிரிலேயே முதிர்பவை. 1842இல் பொகீமியாவின் பில்சென் நகரில் உருவான பொன்னிற லாகரே உலகெங்கும் பரவிய பில்ஸ்னரின் முன்னோடி. பிரசல்ஸ் நகரை அடுத்த பகுதியில் தயாரிக்கப்படும் லாம்பிக் பியருக்கு ஈஸ்ட் சேர்ப்பதே இல்லை. காற்றிலும் மரப்பீப்பாயிலும் இருக்கும் நுண்ணுயிர்களே அதை நொதிக்கச் செய்கின்றன. அதனால் அது ஒயினைப் போலப் புளிப்பாக இருக்கும்.

இவற்றையெல்லாம் பெயரிட்டு, குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் சிறந்த எடுத்துக்காட்டான பியர் எது என்பதையும் ஜாக்சன் எழுதினார். பியர்ப் பாணி என்னும் சொல்லாட்சி பரவலானதே இந்நூலுக்குப் பின்னர்தான் எனப் பியர் வரலாற்றை ஆய்ந்தோர் கருதுகின்றனர். போர்ட்டர், ஸ்டவுட், பேல் ஏல் முதலிய பெயர்கள் ஏற்கனவே இருந்தவையே. ஆனால் அவற்றையெல்லாம் ஒரே வரைபடத்தில் வைத்துக் காட்டியவர் இவர். இந்நூலின் திருத்திய பதிப்பு 1988இல் வெளிவந்தது.

அக்காலத்தில் வீட்டுத் தயாரிப்பும் போட்டிகளும்

பிரித்தானியாவில் 1880ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வீட்டில் பியர் தயாரிக்க உரிமம் பெற வேண்டியிருந்தது. 1963இல் நிதியமைச்சர் ரெஜினால்டு மாட்லிங் அக்கட்டுப்பாட்டை நீக்கினார். அதற்கு முன்பே, 1950களில், வீட்டில் பழ ஒயின் தயாரிப்போர் ஊர்தோறும் மன்றங்கள் அமைத்திருந்தனர். தோட்டக்கலைக் கண்காட்சிகளில் காய்கறிகளையும் பழப்பாகுகளையும் வரிசையாக வைத்துப் பரிசளிப்பது போல, இம்மன்றங்களும் புட்டிகளை வரிசையாக வைத்துப் பரிசளித்தன. புட்டி தூய்மையாக இருக்கிறதா, பானம் தெளிந்திருக்கிறதா என்பதற்கும் மதிப்பெண் உண்டு. 1963க்குப் பிறகு பியரும் இக்கண்காட்சிகளில் பெருமளவில் இடம்பெறத் தொடங்கியது.

ஆயினும் அன்றைய பிரித்தானிய வீட்டுத் தயாரிப்பாளரின் குறிக்கோள் பெரும்பாலும் செலவைக் குறைப்பதும், கடையில் விற்கும் பியரைப் போலவே செய்துபார்ப்பதுமாக இருந்தது. அக்காலத்தில் மிகவும் விரும்பிப் படிக்கப்பட்ட ஆசிரியர்களுள் ஒருவரான டேவ் லைன் 1978இல் வெளியிட்ட நூல், கடைகளில் விற்ற குறிப்பிட்ட நிறுவனங்களின் பியர்களை வீட்டிலேயே செய்யும் முறைகளைத் தந்தது. சுற்றியுள்ள கடைகளில் பலவகை பியர்கள் கிடைக்கும் நாட்டில் அது போதுமானதாக இருந்தது.

அமெரிக்காவில் அவ்வாறு பின்பற்றத் தக்க பியர்களே இல்லை. மதுவிலக்கு 1933இல் நீக்கப்பட்டபோது, வீட்டில் ஒயின் தயாரிக்க அளிக்கப்பட்ட விலக்கு பியருக்கு அளிக்கப்படவில்லை. ஆகையால் அடுத்த நாற்பத்தைந்து ஆண்டுகள் வீட்டில் பியர் தயாரிப்பது கூட்டரசுச் சட்டப்படி குற்றமாகவே இருந்தது. எனினும் எவரும் அதைப் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. ஒரெகன் மாநிலத்தின் போர்ட்லண்டைச் சேர்ந்த பிரெட் எக்கார்ட் 1970ஆம் ஆண்டளவில் லாகர் தயாரிப்பு பற்றி ஒரு கையேட்டையே வெளியிட்டார். லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் மால்டோஸ் ஃபால்கன்ஸ் என்னும் மன்றம் 1974இல் தொடங்கப்பட்டது. அந்நாட்டின் மிகப் பழைய வீட்டு பியர் மன்றம் இதுவே. இறுதியில் அக்டோபர் 14, 1978 அன்று குடியரசுத் தலைவர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டத்தின் மூலம் இது அனுமதிக்கப்பட்டது. பிப்ரவரி 1, 1979 முதல் நடைமுறைக்கு வந்த இச்சட்டம், ஆண்டுக்கு ஒருவர் 100 கேலன் வரையிலும், இரு வயதுவந்தோர் உள்ள வீட்டில் 200 கேலன் வரையிலும் விற்பனைக்கல்லாமல் தயாரிக்க இடமளித்தது. மாநிலச் சட்டங்கள் ஒவ்வொன்றாக மாறுவதற்கு மேலும் பல ஆண்டுகள் ஆயின. மிசிசிப்பியும் அலபாமாவும் 2013இல்தான் அனுமதித்தன.

1978 டிசம்பரில் கொலராடோ மாநிலத்தின் போல்டர் நகரில் சார்லி பப்பாசியனும் சார்லி மாட்சனும் அமெரிக்க வீட்டு பியர்த் தயாரிப்பாளர் சங்கத்தைத் தொடங்கினர். சங்கத்தின் சைமர்ஜி இதழும் அப்போதே தொடங்கியது. 1979இல் நடந்த முதல் தேசியப் போட்டிக்கு வந்தவை 34 பியர்கள் மட்டுமே.

பாணிப் பகுப்பும் நடுவர்களும்

போட்டி என்றதும் எழும் முதல் கேள்வி, எதை எதனோடு ஒப்பிடுவது என்பதாகும். ஒருவர் சமையலறையில் செய்த கருநிற ஸ்டவுட்டையும் மற்றொருவர் செய்த கோதுமை பியரையும் ஒரே மேசையில் வைத்தால், நடுவர் தமக்குப் பிடித்த ஒன்றுக்குப் பரிசளிப்பதைத் தவிர வேறு வழியில்லை. சிக்கல் அதோடு முடிவதில்லை. ஒரு பியரில் குறையாகக் கருதப்படுவது மற்றொன்றில் நிறைவாகும். லாகரில் புளிப்பு இருந்தால் நுண்ணுயிர் புகுந்து கெட்டுவிட்டது என்று பொருள். லாம்பிக்கில் புளிப்பு இல்லாவிட்டால்தான் கேள்வி எழும். பவேரிய கோதுமை பியரில் ஈஸ்ட்டினால் வரும் வாழைப்பழ மணமும் கிராம்பு மணமும் வேண்டப்படுபவை. பில்ஸ்னரில் அதே மணம் வந்தால் நொதித்தலில் தவறு நேர்ந்திருக்கிறது. லாகரை மட்டுமே அறிந்த நடுவரிடம் பெல்ஜிய முறையில் செய்த பியர் சென்றால், எவ்வளவு கவனமாகச் செய்யப்பட்டிருந்தாலும் அது தோற்றுவிடும்.

ஜாக்சனின் நூல் இக்குழப்பத்தைத் தீர்க்கும் கருவியாக அமைந்தது. அவர் அதைப் போட்டிகளுக்காக எழுதவில்லை. பயணிக்கும் வாசகருக்காகவே எழுதினார். ஆனால் அமெரிக்க வீட்டுத் தயாரிப்பாளர்கள் அதை இரு வகைகளில் பயன்படுத்தினர். முதலாவது, தாம் ஒருபோதும் சுவைத்திராத பியர்களை அவரது விவரிப்பைப் படித்தே செய்துபார்த்தனர். கடையில் கிடைக்காததால் வீட்டில் செய்வதைத் தவிர அவற்றைச் சுவைக்க வேறு வழியும் இல்லை. இரண்டாவது, போட்டிகளின் பிரிவுகளை அவரது பாணிகளைத் தழுவி அமைத்தனர். எக்கார்ட் 1989இல் வெளியிட்ட நூல், இப்பாணிகளை எண்ணளவில் வரையறுத்தது. நொதிக்குமுன் உள்ள அடர்த்தி, சாராய அளவு, கசப்பு, நிறம் ஆகியவற்றுக்கு எல்லைகள் வகுக்கப்பட்டன. ஜாக்சன் சொற்களால் சொன்னதை எக்கார்ட் எண்களால் சொன்னார் எனலாம்.

1985இல் பியர் நடுவர் சான்றளிப்புத் திட்டம் தொடங்கப்பட்டது. அவ்வாண்டு கொலராடோவில் நடந்த சங்க மாநாட்டில் முதல் தேர்வு நடைபெற்றது. பாணிகளையும் தயாரிப்பு முறைகளையும் சுவைக் குறைகளின் காரணங்களையும் அறிந்து, பியரைச் சுவைத்து மதிப்பிடவும் தெரிந்தவரே இத்தேர்வில் தேற முடியும். பின்னாளில் நிலைபெற்ற மதிப்பெண் தாளில் மொத்தம் 50 மதிப்பெண்கள். மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் தன்மைக்கு 5, ஒட்டுமொத்த மதிப்பீட்டுக்கு 10. புட்டியின் தூய்மைக்கு மதிப்பெண் அளித்த பழைய கண்காட்சி முறையோடு ஒப்பிட்டால் இதன் மாற்றம் விளங்கும். புட்டிகள் அடையாளம் ஏதுமின்றி எண்ணிட்டு வைக்கப்படுகின்றன. நடுவர் தம் கருத்துகளை எழுதியே ஆகவேண்டும். எது தவறியது, அடுத்த முறை எதை மாற்றலாம் என்பது தயாரிப்பாளருக்குத் தெரியவேண்டும் என்பதே இதன் நோக்கம். பரிசு பெறாதவர் பலர் மீண்டும் மீண்டும் போட்டியிடுவதற்கு இத்தாளே காரணம்.

இத்திட்டம் வெளியிடும் வரையறைகள் காலந்தோறும் விரிவடைந்தன. எடுத்துக்காட்டாக, அமெரிக்க இந்தியா பேல் ஏலுக்குச் சாராய அளவு 5.5 முதல் 7.5 விழுக்காடு வரை, கசப்பு அலகு 40 முதல் 70 வரை எனக் குறிக்கப்பட்டுள்ளது. பவேரிய கோதுமை பியருக்குக் கசப்பு 8 முதல் 15 வரையே. 2021ஆம் ஆண்டுப் பதிப்பில் நூற்றுக்கும் மேற்பட்ட பாணிகள் உள்ளன. 34 பியர்களுடன் தொடங்கிய தேசியப் போட்டிக்கு 2010களில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பியர்கள் வந்தன.

போட்டிகளில் பழகியவர்களுள் பலர் பின்னர் தொழில்முறைத் தயாரிப்பாளர்கள் ஆயினர். சியரா நெவாடா ஆலையைத் தொடங்கிய கென் கிராஸ்மன், அதற்கு முன் வீட்டுத் தயாரிப்புக்கான பொருட்களை விற்கும் கடை நடத்தியவர். புரூக்ளின் ஆலையின் தலைமைத் தயாரிப்பாளரான காரெட் ஆலிவர் நியூயார்க் நகர வீட்டுத் தயாரிப்பாளர் மன்றத்திலிருந்து வந்தவர். வணிக நிறுவனங்களும் இதைக் கவனித்தன. சாமுவேல் ஆடம்ஸ் பியரைத் தயாரிக்கும் நிறுவனம் 1996இல் தொடங்கிய போட்டியில், வென்ற வீட்டுத் தயாரிப்பாளரின் பியரைத் தானே தயாரித்து விற்பனைக்கு அனுப்பியது.

மாபெரும் அமெரிக்க பியர் விழா

1981இல் இங்கிலாந்தில் நடந்த மாபெரும் பிரித்தானிய பியர் விழாவுக்குச் சென்றிருந்த பப்பாசியன், இதைப் போன்றதொரு விழாவை அமெரிக்காவிலும் நடத்தலாமா என ஜாக்சனிடம் கேட்டார். எண்ணம் நல்லதுதான், ஆனால் அங்கே குடிக்கக் கொடுக்க என்ன பியர் இருக்கிறது என்று ஜாக்சன் திருப்பிக் கேட்டதாகப் பப்பாசியன் பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளார். அக்கேள்வியில் கேலி இருந்தாலும் பொய் இல்லை. அடுத்த ஆண்டே, 1982இல், போல்டரில் முதல் விழா நடந்தது. 1987 முதல் தொழில்முறைத் தயாரிப்பாளருக்கான நடுவர் போட்டியும் அதில் இடம்பெற்றது. வீட்டுத் தயாரிப்பாளர் தமக்கென உருவாக்கிய முறை பெரிய ஆலைகளுக்கும் அளவுகோலான வேடிக்கை இது.

மறைந்த பியர்கள் மீண்டும் வந்தமை

ஜாக்சன் எழுதியதால் சில பியர்கள் மீண்டும் உயிர்பெற்றன. ஓட்ஸ் சேர்த்துச் செய்யும் ஸ்டவுட் இங்கிலாந்தில் வழக்கொழிந்திருந்தது. அதைப் பற்றி ஜாக்சனின் நூலில் படித்த சார்லஸ் ஃபிங்கல் என்னும் அமெரிக்க இறக்குமதியாளர், யார்க்சயரின் டாட்காஸ்டரிலிருந்த சாமுவேல் ஸ்மித் ஆலையைக் கேட்டு 1980இல் அதை மீண்டும் தயாரிக்கச் செய்தார். இந்த ஆலை ஜாக்சன் பிறந்த வெதர்பியிலிருந்து சிறிது தொலைவிலேயே உள்ளது. யார்க்சயர்க்காரர் ஒருவர் எழுதியதை அமெரிக்கர் படித்து, யார்க்சயரில் மறந்துபோன பியரை யார்க்சயரிலேயே செய்வித்தார் என்பது சுவையான செய்தி. இன்று ஓட்ஸ் ஸ்டவுட் வீட்டு பியர்ப் போட்டிகளில் தனிப் பாணியாக உள்ளது.

பெல்ஜியத்தைப் பொறுத்தவரை அவரது பங்கு இன்னும் பெரிது. பெல்ஜியத்தின் சிறந்த பியர்கள் பற்றி அவர் எழுதிய தனி நூல் 1991இல் வெளிவந்தது. 1994இல் அந்நாட்டுப் பட்டத்து இளவரசர் பிலிப் அவருக்கு மெர்க்குரியஸ் விருதை வழங்கினார். 1997இல் பெல்ஜியத் தயாரிப்பாளர் கூட்டமைப்பு அவருக்குக் கௌரவ வீரர் பட்டம் அளித்தது.

தொலைக்காட்சி

பியர் வேட்டைக்காரர் என்னும் ஆறு பகுதித் தொலைக்காட்சித் தொடரை ஜாக்சன் வழங்கினார். பிரித்தானியாவில் சேனல் 4இலும் அமெரிக்காவில் டிஸ்கவரியிலும் 1989, 1990ஆம் ஆண்டுகளில் இது ஒளிபரப்பானது. மான் வேட்டையைத் தலைப்பில் கொண்ட ஆங்கிலத் திரைப்படமொன்றின் பெயரை ஒட்டி வைத்த சிலேடைப் பெயர் இது. பெயர்க் குழப்பத்தையும் அவர் வேடிக்கையாகவே எடுத்துக்கொண்டார். தாம் பாடகர் அல்லர் என்றும், ஆயினும் தாமும் உலகச் சுற்றுப்பயணம் செய்பவரே என்றும் சொல்லித் தம்மை அறிமுகப்படுத்திக்கொள்வார். தாடி, மூக்குக் கண்ணாடி, கலைந்த தலைமுடி, சுருங்கிய மேற்சட்டை என்னும் அவரது தோற்றம் இத்தொடருக்குப் பின் பலருக்கும் பழக்கமானது.

விஸ்கி

விஸ்கி பற்றிய இவரது நூல்களும் பெருமளவில் விற்றன. 1989இல் வெளியான மால்ட் விஸ்கிக் கையேட்டில் ஒவ்வொரு விஸ்கிக்கும் நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் இட்டார். பியருக்கு அவர் அவ்வளவு நுணுக்கமாக மதிப்பெண் இட்டதில்லை. 1982இல் வெளிவந்த சட்டைப்பை பியர்க் கையேட்டில் நான்கு விண்மீன்கள் வரை மட்டுமே அளித்தார். 2005இல் அவர் பதிப்பித்த விஸ்கிக் களஞ்சியம் மறு ஆண்டு ஜேம்ஸ் பியர்டு விருது பெற்றது. அவருடைய நூல்கள் 18 மொழிகளில் வெளிவந்ததாகக் கூறப்படுகிறது.

அருங்காட்சியகச் சுவை விருந்துகள்

1990களின் தொடக்கத்திலிருந்து பிலடெல்பியாவிலுள்ள பென்சில்வேனியாப் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் ஆண்டுதோறும் ஜாக்சன் பியர்ச் சுவை விருந்து நடத்தினார். எகிப்தியச் சிலைகளுக்கும் மெசொப்பொத்தேமியக் களிமண் பலகைகளுக்கும் நடுவே, சிறு ஆலைகள் கொண்டுவந்த பியர்களை ஒவ்வொன்றாக அவர் விளக்குவார். 2000ஆம் ஆண்டு நிகழ்வின்போது அருங்காட்சியகத்தின் தொல்லியல் அறிஞர் பேட்ரிக் மெக்கவர்ன், துருக்கியின் கோர்டியனில் உள்ள கல்லறை ஒன்றின் பாத்திரங்களில் கண்ட எச்சங்களைப் பற்றிக் கூறி, அப்பழைய பானத்தை மீண்டும் செய்ய முடியுமா எனக் கூடியிருந்த தயாரிப்பாளர்களைக் கேட்டார். மைடாஸ் மன்னரோடு தொடர்புபடுத்தப்படும் அக்கல்லறையில் பார்லி, திராட்சை, தேன் ஆகியவற்றின் வேதித் தடயங்கள் கிடைத்திருந்தன. டாக்ஃபிஷ் ஹெட் ஆலையின் சாம் கலாஜியோனி அதைச் செய்துகாட்டினார்.

விமர்சனங்கள்

ஜாக்சனின் பகுப்பு மீது இரு வகைக் குறைகள் கூறப்படுகின்றன.

முதலாவது வரலாறு பற்றியது. பழைய ஆலைகளின் கணக்கேடுகளை ஆராய்ந்த பிற்கால ஆய்வாளர்கள், பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தயாரிப்பாளர்கள் இத்தனை தெளிவான எல்லைக்கோடுகளைப் பின்பற்றவில்லை எனக் காட்டினர். ஒரே பெயரில் வெவ்வேறு பியர்களும், ஒரே பியருக்கு வெவ்வேறு பெயர்களும் இருந்தன. போர்ட்டரின் தோற்றம் பற்றி அக்காலத்தில் பரவலாக நம்பப்பட்டு எல்லோராலும் எழுதப்பட்ட கதையும் பின்னர் ஏற்கப்படவில்லை. ஆனால் ஜாக்சன் இதழாளராக ஊர் ஊராகச் சென்று திரட்டியபோது இக்கணக்கேடுகளை எவரும் ஆராய்ந்திருக்கவில்லை என்பதையும் கருத வேண்டும்.

இரண்டாவது குறை போட்டிகளைச் சார்ந்தது. விளக்கமாக எழுதப்பட்ட பாணி, போட்டியின் கையில் விதியாக மாறிவிட்டது. மிக நன்றாக இருந்தும் வரையறைக்குள் அடங்காத பியர் மதிப்பெண் இழக்கும். சுவை சுமாராக இருந்தும் வரையறைக்குப் பொருந்தும் பியர் முன்னே செல்லும். இதற்கு விடையாகவே பரிசோதனைப் பியர்களுக்கெனத் தனிப் பிரிவுகள் சேர்க்கப்பட்டன. மங்கலான தோற்றமுடைய இந்தியா பேல் ஏல் போல மக்களிடம் பரவிய புதிய வகைகள் பின்னர் பாணிகளாக ஏற்கப்பட்டன. தெளிவின்மை ஒருகாலத்தில் குறையாகக் கருதப்பட்டது. இப்பாணியிலோ அதுவே அடையாளம். இக்குறைக்கு ஜாக்சனைப் பொறுப்பாக்குவது முற்றிலும் பொருந்தாது. அவர் பியர்களை வரிசைப்படுத்துவதைவிட விவரிப்பதையே விரும்பினார். பிடிக்காதவற்றைப் பழித்து எழுதுவதைவிட, கவனிக்கப்படாத நல்லவற்றைப் பற்றி எழுதவே தம் பக்கங்களைப் பயன்படுத்தினார்.

நோயும் மறைவும்

ஜாக்சன் தம் இறுதிப் பத்தாண்டுகளில் பார்க்கின்சன் நோயால் அவதியுற்றார். இதை அவர் நெடுநாள் வெளியில் கூறவில்லை. மேடையில் நடை தளர்வதையும் பேச்சு குழறுவதையும் கண்டோர், பியர் எழுத்தாளர் என்பதால் குடித்திருக்கிறார் என்றே எண்ணினர். வாழ்நாளெல்லாம் பியரை அளவறிந்து சுவைக்கும் பொருளாக உயர்த்திக்காட்ட முயன்றவருக்கு இது எவ்வளவு வருத்தம் தந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 2006ஆம் ஆண்டின் இறுதியில் தம் நோயை வெளிப்படையாக அறிவித்தார். தாம் குடித்திருக்கவில்லை என்பதையே தலைப்பாகக் கொண்டு நோயைப் பற்றி ஒரு நூல் எழுதவும் எண்ணியிருந்தார். அது நிறைவேறவில்லை.

ஆகஸ்ட் 30, 2007 அன்று இலண்டனின் ஹேமர்ஸ்மித் பகுதியிலிருந்த தம் இல்லத்தில் மாரடைப்பால் காலமானார். அப்போது அவருக்கு வயது 65. செப்டம்பர் 30 அன்று அமெரிக்கா முழுவதும் மதுவிடுதிகளிலும் ஆலைகளிலும் வீடுகளிலும் ஒரே நேரத்தில் கோப்பை உயர்த்தி அவருக்கு அஞ்சலி செலுத்தினர். பார்க்கின்சன் நோயாளிகளுக்காக நிதியும் திரட்டப்பட்டது.

அவர் தலைவராக இருந்த பிரித்தானிய பியர் எழுத்தாளர் மன்றம் தன் மிக உயரிய ஆண்டு விருதுக்கு அவர் பெயரை வைத்துள்ளது. அவரது நூல்களும், பல்லாண்டுப் பயணங்களில் சேர்த்த குறிப்புகளும் கோப்புகளும் ஆக்ஸ்போர்டு புரூக்ஸ் பல்கலைக்கழக நூலகத்தில் தனித் தொகுப்பாக வைக்கப்பட்டுள்ளன.